பிள்ளைகளின் பல் சொல்லும் வரலாறு

மெட்டுகுடாவிலிருந்து நாகோல் நோக்கிச் செல்லும் மெட்ரோ வண்டியில் ஏறினால் அடுத்த நிலையம் தார்நாகா. அங்கே, உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் அருகே, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெரிய ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. நம் காலனிக்கு அண்டை அயல் என்று சொல்லத்தக்க இந்நிறுவனம் நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து இங்கே குடிபெயர்ந்து வந்தது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். 1918 ஆம் ஆண்டில் நீலகிரிக் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஓர் அறையில், பெரிபெரி என்னும் நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய சிறு முயற்சியே இதன் வித்து. பத்தாண்டுகளில் அஃது ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது; 1958 இல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது; 1969 இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அறுபதுகளில் இதன் இயக்குநராக விளங்கிய டாக்டர் சி. கோபாலன் சேலத்திலே பிறந்தவர்.

இரயில்வே வேலை நம் முன்னோர் பலரை இவ்வூருக்குக் கொண்டுவந்தது போல, ஆராய்ச்சி வேலை அந்நிறுவனத்தைக் கொண்டுவந்தது. வந்த இடத்தில் அது கண்ட உண்மைகளுள் ஒன்று நம் பிள்ளைகளின் பல்லோடும் எலும்போடும் நெருங்கிய தொடர்புடையது. அவ்வுண்மையைச் சொல்வதற்கு முன், பல்லைப் பேணும் பழக்கத்தை மனிதன் தன் குழந்தைகளுக்கு எவ்வாறு கற்பித்து வந்தான் என்னும் பழங்கதையைச் சிறிது பார்த்துவிட்டு வருவது நலம். ஏனெனில், பிள்ளையின் வாயிலே சொத்தையோ கறையோ தோன்றினால், “பல் தேய்க்கச் சொன்னால் கேட்பதில்லை” என்று பிள்ளையின் தலையிலேயே பழியைப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். அந்தப் பழி எவ்வளவு நியாயமானது என்பதற்கு வரலாறு நல்ல விடை வைத்திருக்கிறது.

கோல் கொண்டு துலக்கிய காலம்

பல் துலக்குதல் நமக்கு மேனாட்டார் கற்பித்த வழக்கமன்று. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை, நாள்தோறும் ஒழுகவேண்டிய முறைகளைத் தொகுத்துச் சொல்லுமிடத்தில், காலையில் கோலால் பல் துலக்குவதையும் முகம் கழுவுவதையும் தெய்வத்தைத் தொழுவதையும் ஒரே வரிசையில் வைக்கிறது. உடல் தூய்மையும் உள்ளத் தூய்மையும் ஒரு காலைப்பொழுதின் இரு பகுதிகள் என்பது அந்நூலாசிரியர் பெருவாயின் முள்ளியாரின் கருத்து. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சம்கிதை, பற்குச்சி 12 விரற்கடை நீளமும் சுண்டுவிரல் பருமனும் உடையதாய், கணுவில்லாததாய் இருக்கவேண்டும் என்று அளவு முதற்கொண்டு வகுத்திருக்கிறது. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்னும் பழமொழியை அறியாத தமிழர் இல்லை.

ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்து நாலந்தாவில் தங்கிப் படித்த இத்சிங் என்னும் புத்தத் துறவி, இந்நாட்டு வழக்கங்களைப் பற்றி எழுதிய நூலில் பற்குச்சிக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். துறவியும் இல்லறத்தாரும், உயர்ந்தோரும் எளியோரும் இப்பழக்கத்தைக் கைக்கொண்டிருந்ததையும், மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட இது கற்பிக்கப்பட்டதையும் அவர் வியந்து குறித்திருக்கிறார். அயல்நாட்டு விருந்தினர் ஒருவரின் கண்ணுக்கு இந்நாட்டின் பெருமையாகத் தோன்றியவற்றுள், மூன்று வயதுப் பிள்ளை பல் துலக்கக் கற்றிருந்ததும் ஒன்று.

அந்தக் குழந்தைக்கு அதைக் கற்பித்தவர் யார்? பள்ளிக்கூடம் அன்று, பாடப்புத்தகமும் அன்று. கிணற்றடியிலும் ஆற்றங்கரையிலும் திண்ணையிலும் பெரியவர்கள் பலரும் காணப் பல் துலக்கினார்கள். வேப்பங்குச்சியை ஒடித்துத் தாமும் ஒன்றை மென்று பேரனுக்கும் ஒன்றைக் கொடுத்த பாட்டனே ஆசிரியர். பிள்ளை பார்த்தது, பார்த்ததைச் செய்தது. இக்காலத்து வீடுகளிலோ பல் துலக்குதல் குளியலறைக் கதவுக்குப் பின்னே மறைந்துவிட்டது. தந்தை துலக்குவதைப் பிள்ளை காண்பதில்லை. தாய் துலக்குவதையும் காண்பதில்லை. “போய்ப் பல் தேய்” என்னும் கட்டளையை மட்டுமே கேட்கிறது. கண்ணால் கண்டு வந்த பழக்கம் காதால் கேட்கும் கட்டளையாக மாறியதே முதல் இழப்பு என்று சொல்லவேண்டும்.

பழைய முறை அனைத்தும் குற்றமற்றது என்று வாதிடுவதும் பொருந்தாது. செங்கற்பொடி, உமிக்கரி, அடுப்புச் சாம்பல், மணல் ஆகியவற்றால் அழுத்தித் தேய்த்தவர்களின் பல்லில் மேற்பூச்சாகிய எனாமல் தேய்ந்து கூச்சம் கண்டது. நம்மவர் அறிந்த நஞ்சன்கூடு பற்பொடி மைசூர்ப் பகுதியில் 1913 இல் பிறந்தது. நைலான் இழை பொருத்திய பற்குச்சம் 1938 இல்தான் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதுவரை மேனாட்டார் துலக்கியது பன்றி மயிர் முதலியவற்றால் ஆன குச்சத்தால். பற்பொடி என்ற பெயரிலே புகையிலை கலந்தும் விற்கப்பட்ட கொடுமை நம் நாட்டில் இருந்தது. பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் அதுவே பழக்கமாகி, துலக்காவிட்டால் தலைவலிக்கிறது என்று சொல்லும் நிலை வந்தபின், 1992 இல் மத்திய அரசு பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை கலப்பதைத் தடை செய்தது. நாள் தவறாமல் பல் துலக்கிய பிள்ளை, பெரியவர் கையில் கொடுத்த பொருளாலேயே கெட்டது என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும்.

பல்லில் இருந்த ‘பூச்சி’

பல்லில் குழி விழுந்தால் நாம் பூச்சி அரித்துவிட்டது என்கிறோம். இப்படி எண்ணியவர் நாம் மட்டும் அல்லர். பல்லுக்குள் புழு இருந்து குடைகிறது என்னும் நம்பிக்கை பாபிலோனியர் காலந்தொட்டு உலகின் பல பாகங்களிலும் இருந்தது. 1728 இல் பல் மருத்துவத்துக்கு முதற் பெருநூல் எழுதிய பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார், நுண்ணோக்கியால் தேடியும் தாம் அத்தகைய புழுவைக் காணவில்லை என்று துணிந்து மறுத்தார். அதற்கு முன்பே, 1683 இல், ஆலந்து நாட்டு லேவன்ஹுக் தம் பல்லிடுக்கில் இருந்த வெண்ணிறப் படிவைச் சுரண்டித் தாம் செய்த கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்து, அதிலே கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் துள்ளுவதைக் கண்டு எழுதியிருந்தார். ஆனால், அவ்வுயிர்களுக்கும் சொத்தைக்கும் உள்ள உறவை விளக்க இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கர் வில்லோபி மில்லர் 1890 இல் வெளியிட்ட நூலில், வாயில் வாழும் நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் புளிக்கச் செய்து அமிலம் உண்டாக்குகின்றன என்றும், அவ்வமிலமே பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது என்றும் நிறுவினார்.

ஆக, பூச்சி என்று நம் பாட்டி சொன்னது முற்றிலும் பொய்யுமன்று, முற்றிலும் மெய்யுமன்று. அரிப்பது புழுவன்று, அமிலம். அமிலத்தைச் சுரக்கும் நுண்ணுயிர்க்கு இரை போடுவது நாம்.

எவ்வளவு இனிப்பு, எப்போது என்னும் கேள்விக்கு விடை சுவீடன் நாட்டிலே கிடைத்தது. அங்கே விப்பெஹோல்ம் என்னும் மருத்துவ நிலையத்தில் 1945 ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய நோயாளிகளை, அவர்தம் இசைவு பெறாமலே, ஒட்டும் மிட்டாய்களைத் தின்னச் செய்து பற்களைக் கெடவிட்ட அவ்வாராய்ச்சி, அறத்துக்கு மாறானது என்று பிற்காலத்தார் கண்டித்திருக்கின்றனர், கண்டிக்கத்தக்கதே. 1954 இல் வெளியான அதன் முடிவு மட்டும் மறக்கக்கூடாதது. உணவோடு சேர்த்து உண்ணும் இனிப்பு செய்யும் தீங்கு குறைவு. உணவுக்கும் உணவுக்கும் இடையே அடிக்கடி தின்னும் ஒட்டும் இனிப்பே பல்லைப் பெரிதும் கெடுக்கிறது. தித்திப்பின் மொத்த அளவினும், அது வாய்க்குள் எத்தனை முறை செல்கிறது, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருக்கிறது என்பனவே முக்கியம்.

இதை நம் வீட்டு வழக்கத்தோடு ஒட்டிப் பாருங்கள். தீபாவளியன்று இலையில் வைத்த ஒரு லட்டு பிள்ளையின் பல்லுக்கு எதிரியன்று. மாலை முழுதும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சப்பும் கமர்கட்டும் மிட்டாயும், அழும் குழந்தையை அடக்க நாழிகைக்கொரு முறை நீட்டும் பிஸ்கத்தும், தூங்கும்போது வாயிலே விட்டுவைக்கும் சர்க்கரைப் பால் புட்டியுமே எதிரிகள். இவற்றை வாங்கிக் கொடுப்பவர் யார்? பிள்ளையா, நாமா?

பள்ளிக்கூடம் கைகொடுத்த கதை

குழந்தையின் பல்லைக் காப்பது பொதுக் கடமை என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உலகில் உருப்பெற்றது. அப்போது ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த ஸ்டிராஸ்பூர்க் நகரில் எர்ன்ஸ்ட் யெஸ்ஸன் என்னும் மருத்துவர் 1902 இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பல் மருத்துவ நிலையம் ஒன்றை நிறுவினார். அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்னும் ஊரில் ஆல்பிரட் ஃபோன்ஸ் என்னும் பல் மருத்துவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். சொத்தை வந்தபின் அடைப்பதினும் வராமல் தடுப்பதே சிறந்தது என்று கருதி, 1913 இல் பெண்கள் பலருக்குப் பல் தூய்மைப் பணியில் பயிற்சி அளித்தார். மறு ஆண்டிலேயே அப்பெண்கள் நகரப் பள்ளிகளுக்குள் சென்றனர். பிள்ளைகளின் பற்களைச் சுத்தம் செய்ததோடு, வகுப்பிலேயே குச்சத்தைக் கையில் கொடுத்து, எப்படிப் பிடிப்பது, எவ்வாறு அசைப்பது என்று கூடவே நின்று பழக்கினர். நியூசிலாந்து நாடு 1921 இல் பள்ளிப் பல் மருத்துவத் தாதியர் என்னும் தனி வகுப்பாரையே ஏற்படுத்தியது.

நம் நாட்டிலோ பல் மருத்துவக் கல்வியே அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920 இல் கல்கத்தாவில் முதற் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். பல் மருத்துவர் சட்டம் 1948 இல் நிறைவேறியது. சென்னையில் அரசினர் பல் மருத்துவப் பிரிவு 1953 இல் ஏற்பட்டது. மருத்துவர் தொகை குறைவாக இருந்த அந்நாளில், பல் வலித்தால் பிடுங்குவது ஒன்றே பெரும்பாலோர் அறிந்த மருத்துவமாக இருந்தது.

மேற்சொன்ன பள்ளி முயற்சிகளினின்றும் நாம் எடுத்துக்கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. பல் தூய்மையைப் பற்றி ஆண்டுக்கொரு சொற்பொழிவு கேட்டதால் பிள்ளைகள் திருந்தியதாகத் தெரியவில்லை. நாள்தோறும் பெரியவர் ஒருவர் அருகே நின்று செய்யவைத்த இடத்திலேதான் பலன் கண்டார்கள். ஸ்காட்லாந்தில் 2006 இல் தொடங்கிய ‘சைல்டுஸ்மைல்’ என்னும் திட்டத்தின் உயிர்நாடியும் இதுவே. அங்கே மழலையர் பள்ளிகளில் பிள்ளைகள் நாள்தோறும் ஆசிரியர் கண்காணிப்பில் ஒன்றுகூடிப் பல் துலக்குகின்றனர், சொத்தையும் குறைந்திருக்கிறது. இத்சிங் கண்ட மூன்று வயதுக் குழந்தை மீண்டும் வேறோர் உருவில் தோன்றியிருக்கிறது அன்றோ?

தண்ணீர் செய்த குற்றம்

இனி, நம் அண்டை நிறுவனத்தோடு தொடர்புடைய செய்திக்கு வருவோம். 1901 இல் ஃபிரடெரிக் மக்கே என்னும் இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் தொழில் தொடங்கினார். அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர்களின் பல்லில் காவி நிறக் கறை படிந்திருந்தது. பன்றி இறைச்சியை மிகுதியாக உண்பதால் என்றார் சிலர். தரங்குறைந்த பாலால் என்றார் வேறு சிலர். எவ்வளவு தேய்த்தும் அக்கறை போகவில்லை.

1923 இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்னும் சிற்றூரின் பெற்றோர் மக்கேயை அழைத்தனர். 5 மைல் தொலைவிலுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்டதற்குப் பின்னரே பிள்ளைகளின் பல்லில் கறை தோன்றியது என்று அவர்கள் சொன்னார்கள். மக்கே அந்நீரைச் சோதித்தும் அதில் ஒரு குற்றமும் அவருக்குப் புலப்படவில்லை. ஆயினும் பெற்றோர் கண்டதை அவர் தள்ளிவிடவில்லை. அக்குழாயைக் கைவிட்டு வேறோர் ஊற்றின் நீரைப் பருகுமாறு ஊராருக்குச் சொன்னார். சில ஆண்டுகளில் அவ்வூர்ச் சிறு பிள்ளைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. குற்றவாளி ஃபுளூரைடு என்னும் உப்பு என்பதை 1931 இல் சர்ச்சில் என்னும் வேதியியலார் கண்டுபிடித்தார். அதன்பின் டிரெண்ட்லி டீன் என்பவர், லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் ஃபுளூரைடு இருந்தால் கறை பெரும்பாலும் தோன்றுவதில்லை என்றும், அந்த அளவு சொத்தையைத் தடுக்கவும் செய்கிறது என்றும் கண்டார். அதனால் 1945 இல் கிராண்ட் ரேப்பிட்ஸ் என்னும் நகரம் தன் குடிநீரில் அதைச் சிறிதளவு சேர்த்தது. அதன்பின் பிறந்த குழந்தைகளிடையே சொத்தை 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. ஒரே பொருள் அளவில் நின்றால் மருந்து, அளவு மீறினால் நஞ்சு.

நம் நாட்டிலோ அப்பொருள் பல இடங்களில் அளவு மீறியே இருந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் மக்களின் பல்லிலும் எலும்பிலும் காணப்பட்ட கேட்டை, ஃபுளூரைடு மிகுந்த நீரால் விளைந்தது என்று ஷார்ட் முதலிய மருத்துவர்கள் 1937 இல் எழுதினர். இந்தியாவில் இந்நோயைப் பற்றி வெளிவந்த முதற் பெருஞ்செய்தி அதுவே. ஐதராபாத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் உள்ள நல்கொண்டாப் பகுதியின் நிலையை 1955 இல் சித்திக்கி என்னும் மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் விரித்துரைத்தார். குன்னூரிலிருந்து தார்நாகாவுக்கு வந்த நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களான கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும் 1973 இல், ஃபுளூரைடு மிகுந்த பகுதியின் இளம்பிள்ளைகளுக்கு முழங்கால்கள் உட்புறம் வளைந்து ஒன்றோடொன்று முட்டும் கேடு உண்டாவதை உலகுக்கு அறிவித்தனர். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனத்தார், படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்து நீரிலுள்ள ஃபுளூரைடைக் குறைக்கும் எளிய முறையை எழுபதுகளில் வகுத்தனர். அம்முறைக்கு ‘நல்கொண்டா முறை’ என்றே பெயர். துன்பப்பட்ட ஊரின் பெயர் துன்பம் தீர்க்கும் முறையின் பெயராக உலகெங்கும் வழங்குகிறது.

இது தெலுங்கு மண்ணுக்கு மட்டும் உரிய துயரன்று. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இதே காவிப்பல்லை நம்மவர் பல தலைமுறையாகச் சுமந்தார்கள். ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவந்து அம்மாவட்டங்களுக்கு வழங்கும் திட்டம் 2013 இல் நிறைவேறியது. தெலங்கானாவில் ஆற்று நீரைக் குழாய் வழியே கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் பகீரதத் திட்டம் 2016 இல் தொடங்கியது.

இங்கே கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிள்ளையின் நிலையான முன்பற்கள் பிறந்தது முதல் ஏறக்குறைய ஐந்து வயது வரை ஈறுக்குள்ளேயே உருவாகின்றன. அக்காலத்தில் பருகும் நீரிலுள்ள மிகையான ஃபுளூரைடே கறையாகப் படிகிறது. பல் வெளியே முளைக்கும்போதே கறையுடன்தான் முளைக்கிறது. அந்தப் பிள்ளையை, “ஒழுங்காகத் தேய்ப்பதில்லை” என்று வைவதும், பள்ளியில் மற்றப் பிள்ளைகள் நகையாடுவதும், வளர்ந்தபின் பெண் பார்க்க வந்தவர்கள் முகஞ்சுளிப்பதும் எத்தகைய அநீதி! பல் முளைக்கும் முன்னரே நடந்த குற்றத்துக்குப் பல்லுக்கு உரியவர் எவ்வாறு பொறுப்பாவார்? ஓக்லி ஊர்ப் பெற்றோர் தம் பிள்ளைகளைக் குறை கூறவில்லை, குழாயை ஐயுற்றார்கள். அதனால் அடுத்த பிள்ளைகள் தப்பினார்கள்.

நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. குச்சத்தை அசைக்கப் பழகுவது பிள்ளையின் வேலை. அதன் கையில் எதைக் கொடுக்கிறோம், வாயில் எதை இடுகிறோம், குவளையில் எந்நீரை ஊற்றுகிறோம் என்பன பெரியவர்களின் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் பல் நிற்கும். ஆதலின், வளரும் பருவத்துக்கு ஏற்பச் செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

ஆறாம் மாதத்தை ஒட்டி முதற் பல் தோன்றும். அன்றே தொடங்கவேண்டும். ஈரத் துணியாலோ சிறு குச்சத்தாலோ துடைத்துவிடலாம். பற்பசை அரிசியளவு போதும். இரவில் பால் குடித்தபடியே குழந்தையை உறங்கவிடலாகாது. ஓராண்டு நிறைவதற்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவது நன்று. வலி வந்தபின் முதன்முறை செல்லும் பிள்ளைக்கு மருத்துவர் என்றால் அச்சம். வலியில்லாதபோது சென்று பழகிய பிள்ளைக்கு அவர் மாமாவைப் போன்றவர்.

மூன்று வயதுக்குள் 20 பாற்பற்களும் வந்துவிடும். விழப்போகும் பல்தானே என்று அலட்சியம் செய்வது பெருந்தவறு. நிலையான பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது பாற்பல்லே. அது காலத்துக்கு முன் விழுந்தால் பின்வருவது கோணி முளைக்கும். இவ்வயதில் பற்பசை பட்டாணியளவு போதும். விழுங்காமல் துப்பக் கற்பிக்கவேண்டும். பசையிலும் ஃபுளூரைடு உண்டு. இனிக்கிறது என்று பிள்ளை நாள்தோறும் விழுங்கினால், மேலே சொன்ன கறைக்கு நாமே வழி செய்தவராவோம். காலையிலும் இரவு படுக்குமுன்னும், இரண்டு நிமிடம், தாயோ தந்தையோ உடன் நின்று தாமும் துலக்கவேண்டும். திண்ணைப் பாட்டனின் இடத்தை நிரப்ப வேறு வழி இல்லை.

ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, வாயின் பின்புறத்தில் நான்கு புதுக் கடைவாய்ப் பற்கள் முளைக்கும். பலரும் இவற்றைப் பாற்பல் என்று எண்ணி ஏமாறுகின்றனர். இவை ஆயுள் முழுதும் நிற்கவேண்டியவை. மேற்பரப்பில் ஆழமான வரிகள் உடையவை. ஆதலால் முதலிற் சொத்தையாவனவும் இவையே. பாற்பல் விழுந்தால் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறிந்து மகிழும் நம் வழக்கம் இருக்கட்டும். அதே நாட்களில் பின்னால் சந்தடியின்றி வந்த விருந்தாளிகளையும் பார்த்து வைக்கவேண்டும். ஏழு, எட்டு வயது வரை பிள்ளையின் கை தானாக எல்லா மூலைகளையும் எட்டாது. பிள்ளை துலக்கியபின் பெரியவர் ஒருமுறை துலக்கிவிடுவதே முறை.

பின்னர்ப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் 28 பற்கள் நிறைந்துவிடும். அப்போது பிள்ளைக்குக் காரணம் சொல்லவேண்டும். கட்டளைக்கு அஞ்சித் துலக்கிய பிள்ளை விடுதிக்குப் போனதும் விட்டுவிடும். மில்லர் கண்ட அமிலத்தின் கதையை அறிந்த பிள்ளை விடாது.

நீரைப் பற்றி ஒரு சொல். நகரக் குழாயில் வருவது பெரும்பாலும் ஆற்று நீர். ஆழ்துளைக் கிணற்று நீர் அப்படியன்று. அதிலே எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் கண்ணும் நாவும் அறியா. காய்ச்சினாலும் ஃபுளூரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். நம் நாட்டுத் தர அளவின்படி, குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாவிடத்து 1.5 வரை பொறுக்கத்தக்கது. ஆழ்துளை நீரைப் பருகும் குடும்பங்கள் அதை ஒருமுறை சோதனைக்குக் கொடுத்து அறிந்துகொள்வது கடமை. கோடை விடுமுறையில் பிள்ளைகளை அனுப்பும் சொந்த ஊர்க் கிணற்றுக்கும் இது பொருந்தும்.

ஊர்விட்டு ஊர் வந்த நாம் மொழியையும் பண்டிகையையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் செல்ல ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். காலையில் எழுந்ததும் வாய் துலக்கும் பழக்கமும் அந்தச் சீதனத்தில் சேர்ந்ததே. அதைக் கடுஞ்சொல்லால் கொடுக்க முடியாது. உடன் நின்றே கொடுக்க முடியும். இன்றிரவு குளியலறைக் கதவைத் திறந்து வைத்துப் பிள்ளையை அருகே அழைத்துக்கொள்ளுங்கள். இரண்டே நிமிடம் போதும்.